விட மறுக்கும் தோட்டாக்கூடு

1857-ஆம் ஆண்டு என்றவுடனே நம் நாட்டவர் நெஞ்சில் ஒரு காட்சி எழுவது இயல்பு. கல்கத்தாவை அடுத்த டம்டமில், புதிதாக வந்த என்ஃபீல்டு துப்பாக்கிக்குரிய காகிதத் தோட்டாவைச் சிப்பாய்கள் ஐயத்தோடு நோக்கி நிற்கும் காட்சி அது. அக்காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, உள்ளிருக்கும் மருந்தைக் குழலில் கொட்டவேண்டும். காகிதத்தில் பூசிய கொழுப்பு பசுவினுடையதும் பன்றியினுடையதுமாகும் என்ற செய்தி அவ்வாண்டு ஜனவரியில் பரவிற்று. மார்ச்சு 29-ஆம் நாள் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியை உயர்த்தினார். அப்பெருங் கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. எனினும், பொறியாக வந்து விழுந்தது ஒரு தோட்டாவின் மேலுறையே.

அதே 1857-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஹோரஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் என்னும் இருவர் உள்ளங்கையில் அடங்கும் சுழல் துப்பாக்கி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். ரிவால்வர் என நாம் வழங்கும் அவ்வகைத் துப்பாக்கியில் ஏழு தோட்டாக்கள் இருந்தன. ஒவ்வொன்றின் உறையும் காகிதமன்று; மெல்லிய செம்புத் தகடு. கடிக்க வேண்டுவதில்லை, கொட்ட வேண்டுவதில்லை, மழையில் நனையுமென்ற அச்சமும் குறைவு. காகித உறையின் காலம் முடிவுறுவதற்கு அச்சிறு கருவி ஓர் அறிகுறியாயிற்று.

ஆயினும், நேயர்களே, உலகில் ஒரு தொல்லை நீங்கினால் மற்றொன்று அதன் இடத்தில் வந்து அமர்வது வழக்கம். காகித உறை சுட்டவுடன் எரிந்தும் சிதைந்தும் போய்விடும். உலோக உறை போவதில்லை. குண்டு பறந்த பின்னரும் வெறுங்கூடாக அறையிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த தோட்டாவை இடுவதற்கு முன் அக்கூட்டை வெளியேற்றியாகவேண்டும். சில வேளைகளில் அது வெளிவர மறுக்கிறது. கடந்த நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் துப்பாக்கி செய்வோரையும் சுடுவோரையும் வருத்திவரும் அந்தச் சிறு பிடிவாதத்தின் வரலாற்றையே இங்கு நாம் காணப்போகிறோம்.

முதலில் அக்கூடு செய்யும் தொழில் யாதெனத் தெரிந்துகொள்ளுதல் நலம். மருந்து எரியும்போது பெருகும் வாயு எல்லாத் திசைகளிலும் முட்டுகிறது. இன்று வழங்கும் சிறிய .22 நெடுந்தோட்டாவில்கூட அவ்வழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 24,000 பவுண்டு வரை செல்ல இடமுண்டு. அவ்வழுத்தத்தால் கூட்டின் மெல்லிய சுவர் புடைத்து, அறையின் எஃகுச் சுவரோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்னோக்கிக் கசிந்து சுடுபவர் முகத்தில் படாதிருப்பது இவ்வாறு ஒட்டிக்கொள்வதனாலேயே. குண்டு குழலை விட்டு நீங்கியதும் அழுத்தம் தணிகிறது. அப்பொழுது கூடு சற்றே சுருங்கி, சுவரை விட்டு விலகவேண்டும். அந்த விலகல் ஒரு மயிரிழையினும் குறைவானது. அதுவே போதும், விரலால் தட்டினால் கூடு விழுந்துவிடும். அது இல்லையேல், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி மாட்டிக்கொண்ட இரு டம்ளர்களின் நிலைதான்.

ஆகவே தோட்டாக்கூட்டிற்குக் கடமை இரண்டு. ஒரு நொடியில் இறுகப் பற்றவேண்டும். மறு நொடியில் விட்டுவிடவேண்டும். முதற் கடமைக்கு உலோகம் மெதுவாயிருத்தல் வேண்டும். இரண்டாவதற்கு அது வில்போல் மீளுந்தன்மை உடையதாயிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்பட்டவை. இம்முரண்பாட்டைத் தீர்க்கும் முயற்சியே உலோகத் தோட்டாவின் வரலாற்றில் பெரும்பகுதி எனலாம்.

இவ்வகைச் சிறு தோட்டாவின் மூலம் பிரெஞ்சு நாட்டில் உள்ளது. லூயி நிக்கோலா ஃபுளோபேர் என்பவர் 1845-ஆம் ஆண்டில், அடிபட்டதும் பற்றிக்கொள்ளும் மருந்தடங்கிய சிறு செம்புக் குப்பியின் வாயில் ஒரு குண்டைப் பொருத்தினார். தனியே வெடிமருந்து எதுவும் இல்லை. வீட்டுக் கூடத்தினுள்ளேயே குறி பார்த்துப் பழகுவதற்கு அது பயன்பட்டது. ஸ்மித்தும் வெஸ்ஸனும் அக்குப்பியைச் சற்று நீட்டிக் கருமருந்தும் இட்டனர். கூட்டின் அடிப்பகுதியில் தகட்டை வெளிப்புறமாக மடித்து ஒரு விளிம்பு அமைத்து, பற்றும் மருந்தை அவ்விளிம்பின் உட்குழிவில் பரப்பினர். சுத்தி விளிம்பை நசுக்கியதும் தோட்டா வெடிக்கும். இதனையே விளிம்புத் தோட்டா என்கிறோம். கல்லூரி நாட்களில் தேசிய மாணவர் படையில் சேர்ந்து .22 துப்பாக்கி சுட்டுப் பழகியவர்கள் கையாண்டதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இவ்வமைப்பின் எளிமையிலேயே அதன் குறையும் அடங்கியிருக்கிறது. சுத்தியின் அடிக்கு நசுங்கவேண்டுமாயின் விளிம்பு மெல்லியதாகவும் மெதுவாகவும் இருக்கவேண்டும். மெல்லிய அடிப்பகுதியோ மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. முதற் சுழல் துப்பாக்கியிலேயே இவ்விடர் வெளிப்பட்டது. சுட்டதும் கூட்டின் அடிப்பகுதி பின்னோக்கிப் புடைத்து, உருளை சுழலாதவாறு தடுத்தது. அதனைச் சமாளிப்பதற்காக உருளையின் பின்புறம் தானும் சேர்ந்து சுழலும் வட்டத் தகடு ஒன்றை அவர்கள் வைக்க நேர்ந்தது.

வெறுங்கூட்டை அகற்றும் முறையும் அக்காலத்தில் பொறுமையைச் சோதிப்பதாகவே இருந்தது. குழலை மேல்நோக்கித் திறந்து, உருளையை அடியோடு கழற்றி, குழலின் கீழே நிலையாகப் பொருத்திய ஒரு சிறு கம்பியின்மேல் ஒவ்வோர் அறையாக வைத்து அழுத்தவேண்டும். ஏழு கூடுகளுக்கு ஏழு முறை அழுத்தவேண்டும். கூடு இறுகியிருந்தாலும் உள்ளங்கையின் முழு வலுவும் கம்பியின்மேல் நேராக இறங்குவதால், அது எப்படியும் வந்துவிடும். வேகமில்லை, ஆனால் உறுதி உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வீரர் பலர் தம் சொந்தப் பணத்தில் இத்துப்பாக்கியை வாங்கி வைத்திருந்தனர்.

இருபுறமும் திறந்த அறைகளையுடைய உருளைக்கு ரோலின் ஒயிட் என்பவர் 1855-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் காப்புரிமை பெற்றிருந்தார். ஸ்மித்தும் வெஸ்ஸனும் துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் வீதம் அவருக்குக் கொடுத்து அவ்வுரிமையைப் பெற்றனர். ஆனால் அதனை மீறுவோர் மீது வழக்காடும் பொறுப்பு ஒயிட்டையே சார்ந்தது. வந்த பணத்தில் பெரும்பகுதி வழக்கிலேயே கரைந்தது. உரிமை 1869-இல் முடிவடைந்தது. அதனை நீட்டிக்க வழிசெய்யும் வகையில் அமெரிக்கக் காங்கிரசு நிறைவேற்றிய மசோதாவைக் குடியரசுத் தலைவர் கிராண்ட் 1870 ஜனவரியில் மறுத்துவிட்டார். அதன்பின் இத்துறையில் எவரும் முயலலாம் என்ற நிலை ஏற்பட்டது.

அந்த 1870-ஆம் ஆண்டிலேயே ஸ்மித் வெஸ்ஸன் நிறுவனம் தன் மூன்றாம் மாதிரியை வெளியிட்டது. அதில் குழலும் உருளையும் ஒருசேரக் கீழ்நோக்கி மடியும். மடியும்போது, உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவான தகடு ஒன்று எழும்பி, எல்லாக் கூடுகளின் விளிம்புகளையும் ஒரே வேளையில் உயர்த்தி வெளியே கொட்டிவிடும். கண்டவர் வியந்தனர். ரஷ்ய நாட்டுப் படைக்கென அத்துப்பாக்கிகள் பெருந்தொகையில் வாங்கப்பட்டன. 1873-இல் வெளிவந்த கோல்ட் துப்பாக்கியிலோ, பக்கவாட்டில் அமைந்த ஒரு கோலால் ஒவ்வொரு கூடாகவே தள்ளவேண்டும். 1889-இல் கோல்ட் நிறுவனமும், 1896-இல் ஸ்மித் வெஸ்ஸன் நிறுவனமும், உருளை பக்கவாட்டில் விலகி வெளிவரும் அமைப்பைக் கொணர்ந்தன. இன்று நாம் காணும் சுழல் துப்பாக்கிகளுட் பெரும்பாலானவை அவ்வமைப்பைப் பின்பற்றியவையே.

இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒவ்வொன்றாகத் தள்ளும்போது ஒரு கூட்டின் பிடிப்பை வென்றாற் போதும். நட்சத்திரத் தகட்டினால் தூக்கும்போதோ ஆறு கூடுகளின் பிடிப்பும் ஒன்றுகூடி எதிர்த்து நிற்கின்றன. .22 துப்பாக்கியாயின் எட்டோ பத்தோ அறைகளும் இருக்கலாம். ஒவ்வொரு கூடும் சிறிதளவே இறுகியிருப்பினும் மொத்தத்தில் உள்ளங்கை வலிக்கும். மேலும், தகடு பற்றும் இடம் மெல்லிய விளிம்பில் ஒரு சிறு பகுதியே. மிகுதியாக இறுகிய கூட்டின் விளிம்பைத் தாண்டி அது நழுவிவிடுவதும் உண்டு. வேகத்தை விரும்பி வாங்கிய வசதிக்கு நாம் கொடுத்த விலை இது.

மைதானத்தில் குறி பார்ப்போர்க்கு இது ஒரு சலிப்பு மட்டுமே. போர்க்களத்திலோ இதுவே உயிருக்கு உலையாகும். 1876-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள், மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில், தம் நிலத்தையும் வாழ்வையும் காக்க எழுந்த லகோட்டா, செயென் மக்களோடு அமெரிக்கக் குதிரைப்படை மோதிற்று. தளபதி கஸ்டரும் அவருடனிருந்த இருநூற்றுக்கும் மேற்பட்டோரும் மாண்டனர். படையினர் கையிலிருந்த ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைனின் தோட்டாக்கூடு செம்பினாலானது. செம்பு புடைக்குமேயன்றிப் பித்தளையைப்போல் மீளாது. தோல் வாரில் செருகி வைத்த தோட்டாக்களில் பச்சைக் களிம்பும் ஏறியிருந்தது. சூடேறிய அறையில் கூடு சிக்கிக்கொள்ள, கத்தி முனையால் நெம்பியெடுக்க நேர்ந்தது. உயிர் தப்பிய மேஜர் ரீனோ அடுத்த மாதமே இக்குறையை மேலிடத்துக்கு எழுதினார்.

அதுவே தோல்விக்குக் காரணம் என்று நெடுங்காலம் பேசப்பட்டது. ஆனால் 1983-இல் அப்புல்வெளியில் தீப் பரவித் தரை வெளிப்பட்டபின், 1984-லிலும் 1985-லிலும் அறிஞர்கள் அங்கு முறையாக அகழ்ந்தாராய்ந்தனர். கிடைத்த கார்பைன் கூடுகளில் நெம்பிய வடு கொண்டவை மிகச் சிலவே. எதிர்த்து நின்றோர் சுட்ட ஹென்றி துப்பாக்கியின் .44 விளிம்புத் தோட்டாக்கூடுகளோ அங்கே ஏராளமாகக் கிடைத்தன. அவர்களிடம் மடமடவென்று சுடவல்ல துப்பாக்கிகள் இருந்தன, ஆட்களும் மிகுதி. சிக்கிய கூடு ஒரு துன்பமே. எனினும் தோற்றவர் சொல்லும் காரணங்களை அவ்வாறே ஏற்றுக்கொள்ளலாகாது என்பதை அம்மண் நமக்கு உணர்த்துகிறது.

பிரிட்டிஷ் படையின் அனுபவமும் இதற்கு மாறானதன்று. அவர்களுடைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியின் தோட்டாக்கூடு, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்யப்பட்டது. சூட்டிலும் மணலிலும் அது எளிதிற் சிதைந்தது. 1885-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் சூடானில் அபு கிளியா என்னுமிடத்தில் கால்மணி நேரமே நீடித்த கடும்போரில் துப்பாக்கிகள் பல சிக்கிக்கொண்டன. கார்ட்னர் இயந்திரத் துப்பாக்கியும் இடையில் நின்றது. நாடாளுமன்றம் வரை எட்டிய இத்தகைய முறையீடுகளுக்குப் பின், ஒரே தகட்டிலிருந்து இழுத்து வார்ப்புப்போற் செய்த கெட்டிப் பித்தளைக் கூடு சுருட்டிய கூட்டின் இடத்தைப் பிடித்தது. செம்பு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் சேர்ந்த அவ்வுலோகத்துக்குத் தோட்டாப் பித்தளை என்றே பெயர் வழங்குகிறது. பற்றுதல், விடுதல் என்னும் இரண்டு கடமைகளையும் ஒருங்கே செய்ய அதனினும் சிறந்த உலோகம் எளிதில் அகப்படவில்லை.

இந்தப் பித்தளைக்கும் ஒரு பகை இருந்தது. அப்பகை வெளிப்பட்ட இடம் நம் இந்தியாவே. மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறைந்திருக்கும். அப்பொழுது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பது பிரிட்டிஷ் படையினரிடையே வழக்கம். மழை ஓய்ந்து பெட்டிகளைத் திறந்து பார்த்தால், பல கூடுகள் தாமாகவே வெடித்துக் கீறியிருந்தன. குறிப்பாகக் குண்டைக் கவ்விய கழுத்துப் பகுதியில் கீறல் மிகுதி. எவரும் தொடவில்லை, எதுவும் தாக்கவில்லை. ஆங்கிலத்தில் இதனைப் பருவ வெடிப்பு என்ற பொருளில் வழங்கினர். காரணம் நெடுநாள் விளங்கவில்லை.

1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் அப்புதிரை விடுவித்தனர். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா வாயுவே ஒரு காரணம். ஆயினும் அது மட்டும் போதாது. குளிர்ந்த நிலையில் பித்தளையை இழுத்து உருவாக்கும்போது உலோகத்தினுள்ளே ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. உள்ளே இறுக்கமும், வெளியே அம்மோனியாவும், ஈரமும் கூடியபோது உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே பிளவு ஓடுகிறது. தீர்வும் அதிலேயே கிடைத்தது. செய்து முடித்த கூட்டை, அதன் வலிமை குன்றாத அளவு குறைந்த வெப்பத்தில் சூடாக்கி ஆற்றினால் உள்ளிறுக்கம் தளர்ந்துவிடும். அத்தகைய கூடு லாயத்து நாற்றத்துக்கும் அசையாது. இன்று உலகெங்கும் பித்தளைக் குழாய்களையும் கருவிகளையும் செய்வோர் கைக்கொள்ளும் பாடம் இது. புனாவை அடுத்த கிர்க்கி போன்ற ஊர்களில் தோட்டாத் தொழிற்சாலைகளை அறிந்த நம்மவர்களுக்கு இச்செய்தி தனிச்சுவை தரும் என்று எண்ணுகிறேன்.

கருமருந்தின் காலம் மறைந்ததும் தொல்லை மேலும் குறைந்தது. புகையில்லா மருந்து அறையில் விடும் கசடு மிகக் குறைவு. அவ்வகையைச் சேர்ந்த கார்டைட் என்னும் மருந்து, நீலகிரியில் அருவங்காட்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் உற்பத்தியாயிற்று. 1887-இல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தில் தோன்றிய .22 நெடுந்தோட்டா, மருந்து மாறியும் வடிவம் மாறாமல் இன்றளவும் வழங்கிவருகிறது.

இவ்வளவு முன்னேற்றத்துக்குப் பின்னரும் .22 சுழல் துப்பாக்கியில் கூடு இறுகும் தொல்லை முற்றும் ஒழிந்தபாடில்லை. உரிமம் பெற்று, துப்பாக்கிக் கழகங்களில் முறையாகப் பழகுவோர்க்கு இது தெரிந்ததே. காரணத்தை அறியப் பெருங்கல்வி வேண்டுவதில்லை. வரலாறு காட்டிய வழியே போதும். துப்பாக்கியில் தோட்டா எதுவும் இல்லை என்று இருமுறை உறுதி செய்துகொண்ட பின்னரே எதனையும் ஆராயவேண்டும் என்பது முதல் விதி.

பல முறை சுட்ட பின்னர்தான் இறுக்கம் தொடங்குகிறதாயின், கசடே காரணம். .22 குண்டின் மேல் பூசிய மெழுகும், ஈயத் துகளும், எரிந்த மருந்தின் சாம்பலும் அறையின் உள்ளே படிகின்றன. நீளங் குறைந்த தோட்டாக்களை நெடுந்தோட்டாவின் அறையில் இட்டுச் சுட்டிருந்தால், கூட்டின் வாய் நின்ற இடத்தில் கசடு ஒரு வளையமாகக் கெட்டிப்படும். பின்னர் நெடுந்தோட்டாவை இடும்போது அதன் கூடு அவ்வளையத்தின்மேல் அழுந்தி மாட்டிக்கொள்கிறது. வெண்கலக் கம்பித் தூரிகையாலும் உரிய கரைப்பானாலும் ஒவ்வோர் அறையையும் தேய்த்துத் துடைத்தால் இத்தொல்லை தீரும்.

துடைத்த பின்னும், சுட்ட கூடு ஒரே ஓர் அறையில் மட்டும் திரும்பத் திரும்பச் சிக்குமாயின், குறை அவ்வறையினுடையது. விளிம்புத் தோட்டாத் துப்பாக்கிகளுக்கே உரிய ஒரு கேடு இங்கே கருதத்தக்கது. தோட்டா இல்லாமல் விசையை அழுத்தினால், சுத்தியின் முனை விளிம்பில் விழாமல் அறையின் வாயோரத்தில் விழலாம். அவ்விடத்தில் எஃகு நசுங்கி, உள்நோக்கி ஒரு சிறு பிசிறு எழும்பும். அப்பிசிறு தோட்டாவை உள்ளேயும் எளிதில் விடாது. வெளியேயும் எளிதில் விடாது. எல்லா அறைகளிலும், சுடாத தோட்டா தாராளமாக நழுவிச் சென்று, சுட்ட கூடு மட்டும் இறுகுமாயின், அறைச் சுவர் சொரசொரப்பாயிருத்தல் கூடும். புடைக்கும் பித்தளை அக்கீறல்களில் புகுந்து பிடித்துக்கொள்கிறது. ஒருவகைத் தோட்டாவில் இறுகி, மற்றொரு வகையில் இறுகாதாயின், துப்பாக்கியைப் பழிக்கவேண்டுவதில்லை. தோட்டாவை மாற்றினாற் போதும். பிசிறையும் சொரசொரப்பையும் களைவது உரிமம் பெற்ற கம்மியரின் வேலை. நாமே அரத்தை எடுத்தால் அறை அகன்றுபோம். அதன்பின் கூடு முன்னிலும் மிகுதியாகப் புடைத்துத் தொல்லை பெருகும்.

கூடுகளைக் கொட்டும்போது குழலை மேல்நோக்கிப் பிடித்து ஒரே சீராக அழுத்துதல் நன்று. அப்படிச் செய்தால் சாம்பல் கூடுகளோடு கீழே உதிரும். நட்சத்திரத் தகட்டின் அடியில் சென்று தங்காது. தகட்டின் அடியில் ஒரு மணல்துகள் இருந்தாலும் உருளை சுழல மறுக்கும். கோலைச் சுத்தியால் தட்டுவதோ, அறையில் எண்ணெய் பூசிச் சுடுவதோ தகாது. தட்டினால் கோல் வளையும். எண்ணெய் பூசினால் கூடு சுவரைப் பற்றாது, முழு விசையும் பின்னோக்கித் தாக்கும். பற்றவேண்டிய வேளையில் பற்றாமையும் குற்றமே.

நேயர்களே! தோட்டாவைப் பற்றிப் பேசுவோர் குண்டைப் பற்றிப் பேசுவர். மருந்தைப் பற்றிப் பேசுவர். வெறுங்கூட்டைப் பற்றி எண்ணுவோர் சிலரே. வேலை முடிந்ததென்று நாம் கருதும் பொருளே அடுத்த வேலையைத் தடுத்து நிற்கிறது. ஸ்பிரிங்ஃபீல்டு பட்டறையும், மொன்டானாப் புல்வெளியும், சூடான் மணலும், நம் நாட்டுக் குதிரை லாயமும் ஒன்றன்பின் ஒன்றாகப் புகட்டிய பாடம் இதுவே. கருவியைச் செய்பவன் அது தாக்கும் வலிமையை மட்டும் எண்ணினாற் போதாது. வேலை முடிந்தபின் அது எளிதில் விலகி வழிவிடுமா என்பதையும் எண்ணவேண்டும். அதனை எண்ணத் தவறியவர்களின் கணக்கில் எழுதப்பட்டவை, கத்தி முனையால் கூட்டை நெம்பிக்கொண்டிருந்த வேளையில் மடிந்த எளிய வீரர்களின் உயிர்கள்.